கோட்பாடு வளர்ந்து விதி ஆகாது

"பரிணாமம் வெறும் தியரிதானே, இன்னும் விதியாகவில்லையே" என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முதல் தவறு இதுதான். முதலில் கருதுகோள், கொஞ்சம் ஆதாரம் சேர்ந்தால் கோட்பாடு (அதாவது தியரி), முழுசாக நிரூபித்துவிட்டால் விதி என்று ஒரு ஏணியை நிறைய பேர் மனதில் வைத்திருக்கிறார்கள். கோட்பாட்டுக்கு அப்படி ஒரு பதவி உயர்வு அறிவியலில் கிடையாது. என்ன நடக்கிறது என்று சொல்வது விதி, பெரும்பாலும் ஒரே சமன்பாட்டில் அடங்கிவிடும். அது ஏன் நடக்கிறது என்று விளக்குவது கோட்பாடு.

கையிலேயே செய்து பார்க்கலாம். ஊசி மாட்டாத 10 மில்லி சிரிஞ்ச் ஒன்றில் முழுக்கக் காற்றை இழுத்து, முனையை விரலால் இறுக்கி அடைத்துக்கொண்டு தண்டை அழுத்துங்கள். 8 வரை சுலபமாகப் போகும், 5-க்குக் கொண்டுவருவதற்குள் கட்டைவிரல் வலிக்கும், கையை எடுத்தால் தண்டு சட்டென்று பின்னால் வரும். வெப்பநிலை மாறாதவரை, கனஅளவு பாதியானால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றி ஊற்றி அளந்து ராபர்ட் பாயில் 1662-ல் வெளியிட்ட விதி இது.

ஏன் அப்படி என்பதற்கு அவரிடம் உறுதியான பதில் இல்லை. காற்று கம்பளி மாதிரி, அழுத்தினால் அமுங்கும் விட்டால் விரியும் என்று ஒப்பிட்டுப் பார்த்தார், அவ்வளவுதான். 1738-ல் டேனியல் பெர்னூலி வேறு மாதிரி யோசித்தார்: காற்று என்பது ஓயாமல் ஓடுகிற நுண்துகள்கள், இடம் சுருங்கினால் அவை சுவரில் இன்னும் அடிக்கடி மோதும், உங்கள் கட்டைவிரலைத் தள்ளுவது அந்த மோதல்கள்தான். அதை கிளாசியஸும் மேக்ஸ்வெல்லும் 19ஆம் நூற்றாண்டில் முழுமையாக்கினார்கள், அதுதான் பாடப்புத்தகத்தில் வரும் வாயுக்களின் இயக்கவியற் கொள்கை. ஆக, விதி முதலில் வந்தது, அதை விளக்கும் கோட்பாடு முழு உருவம் பெற கிட்டத்தட்ட 200 வருடம் ஆனது. ஏணிக் கணக்குப்படி பார்த்தால் இது தலைகீழ்.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் கூடுவதற்கு நம் சொற்களும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். விதி என்றதும் தலைவிதி நினைவுக்கு வருகிறது, மாற்றவே முடியாதது என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. கொள்கை என்றால் கட்சிக்கும் இருக்கும், ஆளாளுக்கும் இருக்கும், பிடித்தால் ஏற்கலாம் இல்லாவிட்டால் விடலாம். தியரி என்று சொன்னாலோ பிராக்டிகலுக்கு எதிர்ப்பதம், புத்தகத்தோடு நின்றுவிடுகிற சமாச்சாரம். அதனால் எழுதும்போது கோட்பாடு என்ற சொல்லைப் பிடித்துக்கொள்வது நல்லது. 'வெறும்' என்ற அடைமொழியையும் விட்டுவிடுங்கள். தொற்றுநோய்கள் கிருமிகளால் வருகின்றன என்பதும் கோட்பாடுதான், அதற்காக ஆபரேஷனுக்கு முன் டாக்டர் கை கழுவ வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை.

அடுத்த தவறு, விதி என்றால் எங்கேயும் எப்போதும் பொருந்தும் என்று நம்புவது. பாயில் விதி மிக உயர்ந்த அழுத்தத்தில் பிசகும். ஏன் பிசகுகிறது என்பதையும் கோட்பாட்டு வழியில்தான் வான் டெர் வால்ஸ் 1873-ல் விளக்கினார்: மூலக்கூறுகளுக்கும் பருமன் உண்டு, ஒன்றையொன்று ஈர்க்கவும் செய்யும். நியூட்டனின் ஈர்ப்பு விதியே புதன் கோளிடம் தடுமாறியது. சூரியனுக்கு மிக அருகில் புதன் வரும் புள்ளி மெல்ல நகர்ந்துகொண்டே இருக்கிறது, மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் நூற்றாண்டுக்கு 43 விகலை கணக்கில் உதைத்தது. ஒரு பாகையில் 3600 விகலை, அப்படியானால் எவ்வளவு சின்ன பிசகு என்று பாருங்கள். அந்த 43-ஐ 1915-ல் சரியாகக் கொடுத்தது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு. அதாவது இங்கே விதியைவிடக் கோட்பாடுதான் துல்லியம். அதற்காக நியூட்டன் விதியை யாரும் தூக்கிப் போடவில்லை, ராக்கெட் பாதைகளுக்குப் பெரும்பாலும் அது போதும்.

பெயரில் விதி இருப்பதை மட்டும் வைத்து நம்புவதும் ஆபத்து. கோள்களின் தூரத்தை ஒரு எண்வரிசையில் அடக்கிய டைட்டியஸ்–போடே விதி அப்படிப்பட்டது. 1781-ல் யுரேனஸ் கண்டுபிடிக்கப்பட்டபோது கிட்டத்தட்டப் பொருந்தியது, 1801-ல் சீரிஸ் என்ற குறுங்கோளும் பொருந்தியது, எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. ஆனால் ஏன் அந்த வரிசை என்று விளக்க அதன் பின்னால் எந்தக் கோட்பாடும் இல்லை. 1846-ல் நெப்டியூன் அகப்பட்டது. பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 38.8 மடங்கில் அது இருக்க வேண்டும் என்றது விதி, இருந்ததோ சுமார் 30 மடங்கில். புத்தகங்களில் இன்றைக்கும் அதன் பெயர் விதிதான்.