பூனை கூப்பிட்டதும் எழுந்து ஓடாமல் இருப்பது எப்படி

திருவையாற்றில் எங்கள் வீட்டுப் பூனை விடிகாலை நாலரைக்குத் தலைமாட்டில் உட்கார்ந்து குர்ரென்று ஆரம்பிக்கும். கொஞ்சுகிற சத்தம்தான், ஆனால் உள்ளே மெல்லிசாக ஓர் அழுகை கலந்திருக்கும், அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கவே முடியாது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் கேரன் மெக்கோம்ப் குழுவினர் இதைப் பதிவு செய்து ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். சாப்பாடு கேட்கிற குர்ரில் சுமார் 380 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 380 அதிர்வு என்ற சுருதியில், ஒரு கீச்சுக்குரல் ஒளிந்திருக்கிறது. கைக்குழந்தையின் அழுகையும் கிட்டத்தட்ட அதே சுருதியில்தான். பூனை வளர்க்காதவர்களுக்குக்கூட அது அவசரமாகக் கேட்டதாம்.

வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்வது அபூர்வம். குட்டியாக இருந்தபோது தாயிடம் கேட்டதை நம்மிடம் தொடர்கின்றன, எந்தக் குரலுக்கு நாம் அசைகிறோமோ அதைப் பிடித்துக்கொள்கின்றன.

முதலில் ஒரு வாரம் கவனியுங்கள். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும்: எப்போது கத்தியது, எங்கே நின்றது, என்ன செய்ததும் அடங்கியது. எங்கள் பூனைக்குக் கொல்லைக் கதவருகே குட்டையாக ஒரு 'மா', மீன்காரர் வண்டி ஹாரன் கேட்டால் இழுத்து ஒரு 'மியாஆவ்', நான் வயலிலிருந்து வந்தால் வாயே திறக்காமல் 'ப்ர்ர்ட்'. இந்தக் கடைசி சத்தம் வெறும் வரவேற்பு. பேசுங்கள், தடவிக்கொடுங்கள், அதற்குச் சோறு வைக்க வேண்டாம்.

அப்புறம், எழுந்த கையோடு தட்டை எடுக்காதீர்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்டு, பாலை அடுப்பில் ஏற்றி, பூனை வாயை மூடியிருக்கிற நேரம் பார்த்துச் சோறு வையுங்கள். ராத்திரி கயிற்றை இழுத்துப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, வேகவைத்த நெத்திலி கொஞ்சம் கொடுத்துவிட்டால் விடிகாலைப் பசியும் குறையும்.

முதல் சில நாள் முன்னைவிட அதிகமாகக் கத்தும். அங்கேதான் உறுதி வேண்டும். நாலாம் நாள் அம்மா மனசு கேட்காமல் எழுந்து வைத்துவிட்டார், இன்னும் அரைமணி கத்தினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொண்டது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அடிப்பது, தண்ணீர் தெளிப்பது வேண்டவே வேண்டாம், பயம்தான் மிஞ்சும்.

ஆனால் கடுவன் பூனை திரும்பத் திரும்பக் குந்தியும் சிறுநீர் வராமல் அடித்தொண்டையில் கத்தினால் காத்திருக்காதீர்கள், பாதை அடைத்திருக்கலாம், ஓரிரு நாளில் உயிர் போய்விடும். வலியிலும் பூனை குர்ரென்னும், அதைக் கேட்டு ஏமாறாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.