ஆர்.ஓ.டி.சி. உதவித்தொகை: எங்கே கை நழுவுகிறது

அமெரிக்காவில் கல்லூரிக் கட்டணத்தை ராணுவமே கட்டிப் படிக்க வைத்து, பிறகு படை அதிகாரியாகச் சேர்க்கும் திட்டம் ஆர்.ஓ.டி.சி. (ரிசர்வ் அதிகாரிகள் பயிற்சித் திட்டம்). தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் தனித்தனியாக நடத்துகின்றன. மரைன் படைக்கு கடற்படை வழியாகத்தான் விண்ணப்பம்.

பணத்தை மட்டும் பார்த்து இறங்குவதுதான் பெரிய தவறு. படிப்பு முடிந்தபின் படைக்குத் தர வேண்டிய மொத்தக் கடப்பாடு பொதுவாக 8 ஆண்டு. அதில் முழுநேரப் பணி பொதுவாகத் தரைப்படையில் 4 ஆண்டு, கடற்படையில் 5. விமானப்படை விமானியானால் மட்டும் அந்த எட்டையும் தாண்டி, பயிற்சி முடிந்தபின் 10. நான்காண்டு உதவித்தொகை பெற்றவர் முதல் ஆண்டுக்குள் விலகினால் எதுவும் திருப்பித் தர வேண்டாம். இரண்டாம் ஆண்டு தொடங்கிய பிறகு விலகினால், பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லலாம், சாதாரணச் சிப்பாயாகப் பணிக்கும் அனுப்பலாம். எது என்பதை முடிவு செய்வது படைதான். ஆகவே அந்த முதல் கோடை விடுமுறையில் வீட்டில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுங்கள்.

நம் குடும்பங்களில் அடிக்கடி இடறும் இடம் குடியுரிமை. கிரீன் கார்டு போதாது. ஆனால் கிரீன் கார்டுடன் பெற்றோரிடம் வளரும் பிள்ளைக்கு 18 வயது ஆகும் முன் அம்மாவோ அப்பாவோ குடியுரிமை பெற்றுவிட்டால், பிள்ளைக்கும் அது தானாகவே வந்துவிடும். உடனே அமெரிக்க பாஸ்போர்ட் எடுத்துச் சான்றாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது மருத்துவத் தகுதி. தேர்வான பிறகும் பலர் இதில்தான் நிற்கிறார்கள். 13 வயதுக்குப் பின் ஆஸ்துமா இருந்ததாகப் பதிவிருந்தால் தகுதியிழப்பு. சளிக்கு மருத்துவர் 'எதற்கும் இருக்கட்டும்' என்று எழுதிக்கொடுத்த இன்ஹேலரும் கேள்வியைக் கிளப்பும். கவனக்குறைபாட்டு நோய்க்கு (ஏ.டி.எச்.டி.) கடந்த 24 மாதங்களுக்குள் மருந்து எடுத்திருந்தாலும் தடைதான். அதற்காக மருத்துவரைக் கேட்காமல் மருந்தை நிறுத்திவிடாதீர்கள். மறைப்பது எல்லாவற்றிலும் மோசம்: பின்னால் வெளிப்பட்டால் விதிவிலக்கு கேட்கும் வழியும் அடைபடும். பதினொன்றாம் வகுப்பிலேயே பழைய மருத்துவக் கோப்புகளை வாங்கிப் படியுங்கள். ஆஸ்துமா என்றால் நுரையீரல் செயல்திறன் சோதனை முடிவைக் கையில் வையுங்கள். விதிவிலக்கை ஒவ்வொரு படையும் தானே முடிவு செய்கிறது. ஒன்று மறுத்தால் இன்னொன்றும் மறுக்க வேண்டும் என்றில்லை.

கணக்கிலும் கவனம் வேண்டும். தரைப்படை உதவித்தொகையில் கல்விக் கட்டணம், அல்லது தங்குமிடமும் உணவும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். வேறு உதவியால் கட்டணம் ஏற்கெனவே குறைந்திருந்தால் இரண்டாவதுதான் லாபம். கடற்படை தங்குமிடச் செலவைத் தருவதில்லை. அதைக் கல்லூரியே ஏற்குமா என்று சேர்க்கை அலுவலகத்தில் கேளுங்கள், சில கல்லூரிகள் ஏற்கின்றன. உதவித்தொகை கிடைத்தால் சீட்டும் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள். கல்லூரிக்குத் தனியாக விண்ணப்பித்து இடம் பெற வேண்டும்.

கடற்படையில் பாடமும் கணக்கில் வரும். பொறியியல், அறிவியல் பாடங்களுக்கே பெரும்பங்கு இடங்கள். மரைன், செவிலியர் பிரிவுகள் தவிர, எந்தப் பாடம் எடுத்தாலும் கால்குலஸும் கால்குலஸ் அடிப்படையிலான இயற்பியலும் கட்டாயம். நடுவில் பாடம் மாற்ற அனுமதி வேண்டும்.

உடற்தகுதித் தேர்வைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். தரைப்படைக்கு ஒரு நிமிடம் வயிற்றுப் பயிற்சி, ஒரு நிமிடம் தண்டால், ஒரு மைல் ஓட்டம். முழுதாக இறங்கி ஏறாத தண்டால் எண்ணிக்கையில் சேராது. விண்ணப்பம் பன்னிரண்டாம் வகுப்புக்கு முந்தைய கோடையிலேயே திறந்துவிடும். தேர்வுக் குழு பல முறை கூடுவதால், முதல் கூட்டத்துக்கே கோப்பை முடித்தவருக்கு அடுத்த கூட்டங்களிலும் வாய்ப்பு தொடரும்.

பள்ளியில் கிடைக்காவிட்டாலும் கல்லூரியில் முதல் ஆண்டு ஆர்.ஓ.டி.சி. வகுப்பில் கடப்பாடு இல்லாமல் சேரலாம். இரண்டாண்டு, மூன்றாண்டு உதவித்தொகைகளுக்கு அங்கிருந்தும் ஆள் எடுக்கிறார்கள்.