இனிஷியலால் நின்றுபோன விண்ணப்பம்

குடியாத்தத்தில் பிறந்த எனக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் 'கே'. பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரிக்க வேண்டும். அதனால் அதில் அப்பாவின் முழுப்பெயர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் அனுமதிக் கடிதத்தைப் பாஸ்போர்ட் பெயரில்தான் அனுப்பியது. பட்டியல் சாதி உள்ளிட்ட பிரிவு மாணவர்கள் வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க மத்திய அரசு தரும் தேசிய வெளிநாட்டு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தபோது, சாதிச் சான்றிதழில் ஒரு பெயர், கடிதத்தில் வேறு பெயர் என்று திரும்பி வந்துவிட்டது. அன்றிரவு அம்மா சாப்பிடவே இல்லை.

கெசட்டில் பெயர் மாற்றச் சொன்னார்கள் சிலர். அதற்கு நாளாகும். சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் ஒரு வக்கீல் அண்ணன்தான் வழி சொன்னார். "பெயரை மாத்த வேணாம்மா, ரெண்டும் நீதான்னு எழுதிக் கொடு." முத்திரைத்தாளில் இரண்டு பெயரையும் எழுத்துப் பிசகாமல் எழுதி, எந்தச் சான்றிதழில் எது இருக்கிறது என்று எண்ணோடு குறித்து, நோட்டரி கையெழுத்து வாங்கினேன். அதோடு மறுபடி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

வருமானச் சான்றிதழுக்கு மட்டும் முன்கூட்டியே இ-சேவையில் போட்டுவிடுங்கள். விஏஓ, ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார் என்று மூன்று கை மாறி வர வேண்டும். இந்த உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்தைத் தாண்டக்கூடாது, வயது 35-க்குள். இடங்களில் 30 சதவீதம் பெண்களுக்கு. அப்புறம், பாஸ்போர்ட் எடுக்கும் முன்பே பெயரைச் சரிபார்த்துவிடுங்கள் தங்கச்சிகளே, தம்பிகளே.