கடலூரில் மதப் பாகுபாட்டுக்கு எதிராகக் கூட்டமைப்பு தொடங்க

ஏழெட்டுப் பேர் போதும். முதுநகர், பரங்கிப்பேட்டை, வடலூர் என ஊருக்கு ஒருவர். ஜமாத், சர்ச், கோயில், சன்மார்க்க சங்கம், கடவுள் மறுப்பாளர் என எல்லாத் தரப்பும் வேண்டும். பிரமுகர்களை மட்டும் சேர்த்தால் பொன்னாடையோடு முடிந்துவிடும். கடவுள் வாழ்த்துப் பாடலாமா என்ற சண்டை முதல் கூட்டத்திலேயே வரும். ஒரு நிமிட மௌனம் என்று முன்பே பேசிவிடுங்கள்.

புகார் வந்தால் அன்றே எழுதி வாங்குங்கள்: தேதி, நேரம், இடம், சாட்சி, சொன்ன வார்த்தை அப்படியே. ‘கேவலமாகப் பேசினார்’ என்ற வரி எங்கும் எடுபடாது. பாதிக்கப்பட்டவர் சம்மதிக்காமல் வாட்ஸ்அப்பில் போடவே கூடாது.

அடுத்து, எது எந்தச் சட்டத்தில் வரும்? கடை, ஓட்டல், பொதுக்கிணற்றில் தடுத்தால் அரசியல் சட்டம் 15(2). வாடகைக்கு வீடு தர மறுப்பது அதில் இல்லை. பலர் தடுமாறுவது இங்கேதான். அதற்கு வீட்டுக்காரர் மதிக்கும் உள்ளூர்க்காரர் ஒருவரை அனுப்பிப் பேசுவதே வழி. பகை மூட்டும் பேச்சுக்கு, ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196-ஆம் பிரிவு. ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 173(4)-ன்படி எஸ்.பி.க்குத் தபாலில் மனு அனுப்பலாம். ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வையுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுக்கும் மனுவுக்கும் எண் வாங்காமல் வெளியே வராதீர்கள்.