அழுகும் கற்றாழையைக் காப்பாற்ற

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சாயங்கால மழை பிடித்துக்கொண்டால் வாசலில் வைத்த கற்றாழைகூட அழுகிப் போகும். மடலை அமுக்கிப் பாருங்கள். சுருங்கி மெலிந்திருந்தால் தாகம்; மஞ்சளாகி, தொட்டதும் கொழகொழத்தால் வேர் அழுகல். வாடுகிறதே என்று அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றித்தான் நான் இரண்டு செடிகளைக் கொன்றேன்.

செடியைப் பிடுங்கி, கறுத்த வேரையும் தண்டையும் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். உள்ளே பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் வெட்டத்தான் வேண்டும். நிழலில் 4, 5 நாள் கிடந்தால் வெட்டுவாய் காய்ந்து இறுகும். அடியில் ஓட்டை போட்ட பழைய மைலோ (பானத்தூள்) டின் போதும். பாதி ஆற்று மணல், ஒரு பிடி அடுப்புக்கரித் தூள், மீதி மண். நட்டு ஒரு வாரம் கழித்தே முதல் தண்ணீர். பிறகு விரலை 2 அங்குலம் விட்டுப் பார்த்து, ஈரம் இல்லையென்றால் மட்டும் ஊற்றுங்கள். தகரக் கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.