அமைச்சர் ‘தகவல் இல்லை’ என்றால்: நாடாளுமன்றக் கேள்வி எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வொரு கூட்டத்தொடருக்கு முன்பும் டெல்லியில் எம்.பி. அலுவலகங்களுக்குச் சில புதுமுகங்கள் வந்து சேர்வார்கள். உறுப்பினருக்குக் கேள்வி எழுதித் தருவதும், வந்த பதிலைப் படித்துக் குறிப்பு எடுப்பதும் அவர்கள் வேலை. நல்ல படிப்பு, நல்ல ஆர்வம். ஆனால் எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடத்தில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. 150 சொல்லுக்குள் எழுத வேண்டும், 15 நாள் முன்னதாகக் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. அதில் இல்லாததை மட்டும் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் நட்சத்திரக் குறி

நட்சத்திரக் கேள்வி என்றால் அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்வார், அதைத் தொட்டு அங்கேயே துணைக் கேள்வி கேட்கலாம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள்தான், அதுவும் குலுக்கலில். கேள்வி நேரம் என்கிற ஒரு மணி நேரத்தில் அவற்றில் சிலவற்றுக்குத்தான் அவையில் முறை வரும். மாவட்டவாரி அட்டவணை வேண்டும் என்றால் நட்சத்திரமில்லாத கேள்வியே போதும். நாளொன்றுக்கு 230 வரை எடுக்கிறார்கள், பதில் எழுத்தில் வந்துவிடும். அமைச்சரிடம் நேருக்கு நேர் துணைக் கேள்வி கேட்டே ஆக வேண்டும் என்கிற விஷயத்துக்கு மட்டும் நட்சத்திரம் கேளுங்கள். துணைக் கேள்வியை முந்தைய இரவே எழுதி வையுங்கள்.

‘பதிவாகவில்லை’ என்பதை ‘நடக்கவில்லை’ என்று படிப்பது

எனக்கு இன்றும் ஆற்றாமையாக இருப்பது இதுதான்.

2021 ஜூலை 20. கொரோனா மரணங்கள் பற்றி மாநிலங்களவையில் சுகாதாரத் துறை இணையமைச்சர் பாரதி பிரவீன் பவாரின் எழுத்துப்பூர்வ பதில் வந்தது. அன்று மாலை, புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தம்பி குறிப்பை நீட்டினான்: “அண்ணே, ஆக்சிஜன் இல்லாம ஒருத்தரும் சாகலைன்னு அரசாங்கமே சொல்லிடுச்சு.” பதிலின் அச்சுப்படியை அவன் முன் வைத்து, வரிவரியாக வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது. தொற்று, மரண எண்ணிக்கையை மாநிலங்கள் தொடர்ந்து அனுப்புகின்றன. ஆக்சிஜன் பற்றாக்குறையால் ஏற்பட்ட மரணம் என்று எந்த மாநிலமும் குறிப்பிட்டுத் தெரிவிக்கவில்லை. அவ்வளவுதான் பதில். ‘யாரும் சாகவில்லை’ என்ற வாக்கியத்தை அவன் தேடித் தேடிப் பார்த்தான், இல்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்புதான் கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்ட மருத்துவமனையில் 24 மணி நேரத்துக்குள் 24 பேர் இறந்திருந்தார்கள். உயர் நீதிமன்றம் அமைத்த குழு ஆக்சிஜன் பற்றாக்குறையைக் காரணமாகச் சொன்னது. மரணம் நடந்தது உண்மை, மத்திய அரசின் பதிலில் அது இல்லாததும் உண்மை. மாநிலங்கள் அனுப்பிய கணக்கில் ஆக்சிஜனுக்கென்று தனிப் பத்தி இருந்ததா, மத்திய அரசு அதைக் கேட்டதா என்றுதான் அடுத்த கேள்வி போயிருக்க வேண்டும். இந்தப் பதில் கிளப்பிய கொந்தளிப்புக்குப் பிறகுதான் மாநிலங்களிடம் விவரம் கேட்கப்பட்டது. 19 மாநிலங்கள் பதில் தந்தன, பஞ்சாப் மட்டும் 4 சந்தேக மரணங்களைத் தெரிவித்தது என்று அந்த டிசம்பரில் அமைச்சர் மன்சுக் மாண்டவியா மக்களவையில் சொன்னார்.

2020 செப்டம்பரிலும் இதே கதைதான். ஊரடங்கில் ஊர் திரும்பும் வழியில் இறந்த புலம்பெயர் தொழிலாளர் எத்தனை பேர் என்று கேட்டதற்கு, அப்படிப்பட்ட தரவு பராமரிக்கப்படவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அந்தக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமே கிடையாது, எழுத்துப் பதில் மட்டும்தான். துணைக் கேள்விக்கு வழியில்லை என்று தெரிந்தும், ‘எத்தனை பேர்’ என்பதோடு பலர் நிறுத்திக்கொண்டார்கள்.

2021 ஜூலையில் இன்னொன்று. கையால் மலம் அள்ளும் தொழிலால் மரணம் எதுவும் பதிவாகவில்லை என்று மாநிலங்களவையில் இணையமைச்சர் ராம்தாஸ் அத்வாலே பதில் தந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் அவரே, கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும்போது ஐந்தாண்டில் 340 பேர் இறந்ததாக மக்களவையில் சொல்லியிருந்தார். 2013ஆம் ஆண்டுச் சட்டம் இந்த இரண்டையும் தனித்தனியாக வரையறுக்கிறது. முதல் வகையைக் கேட்டால் பூஜ்யம், இரண்டாவதைக் கேட்டால் 340. சாக்கடைக் குழிக்குள் மூச்சுத் திணறிச் செத்தவனின் வீட்டாருக்கு இந்த வரையறையால் என்ன ஆறுதல்? ஆனால் கேள்வி எழுதுகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் கேட்டால், அந்தப் பூஜ்யத்தை நாமே வரவழைத்துக் கொடுத்ததாக ஆகிவிடும். பின்னால் வருகிறவர்கள் எல்லாம் அதைத்தான் மேற்கோள் காட்டுவார்கள்.

அதனால் எண்ணிக்கையோடு கேள்வியை முடிக்காதீர்கள். (அ) பகுதியில் எண்ணிக்கை, மாநிலவாரியாக. (ஆ)வில், இந்த விவரத்தை அமைச்சகம் மாநிலங்களிடம் கேட்டதா, எந்தத் தேதியில், எந்தெந்த மாநிலங்கள் பதில் தந்தன. (இ)யில், திரட்டவில்லை என்றால் என்ன காரணம், எப்போது திரட்டப்படும். சட்டத்தில் உள்ள சொல்லையும் சாதாரண விவரிப்பையும் சேர்த்தே போடுங்கள். (ஆ) இருந்தால் ‘பதிவாகவில்லை’ என்று மட்டும் எழுதிவிட்டு நழுவுவது கடினம்.

தேதி இல்லாத எண்ணிக்கை

2025 மார்ச் 27 அன்று மாநிலங்களவையில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர், முந்தைய நாள் வரை 86 இந்திய மீனவர்கள் இலங்கைக் காவலில் இருந்ததாகவும், அன்று இன்னொரு விசைப்படகில் 11 பேர் பிடிபட்டதால் 97 ஆகிவிட்டதாகவும் சொன்னார். ஒரே பதிலுக்குள்ளேயே எண் மாறுகிறது. ‘மீனவர்கள் 97 பேர்’ என்று தேதியில்லாமல் குறிப்பு எழுதினால் அடுத்த வாரமே அது தப்பு. சிறைத் தண்டனை அனுபவிப்பவர், விசாரணையில் இருப்பவர், புதிதாகப் பிடிபட்டவர் என்று பிரித்தும் வையுங்கள். ராமேஸ்வரத்தில் காத்திருக்கும் குடும்பத்துக்குத் தெரிய வேண்டியது அந்தப் பிரிவுதான்.

அமைச்சகம் மாற்றி அனுப்புவது

மீனவர் விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கைது, விடுதலை என்றால் வெளியுறவு. ஆழ்கடல் படகு மானியம் என்றால் மீன்வளம். கடலோரக் காவல்படை என்றால் பாதுகாப்பு. மூன்றையும் ஒரே கேள்வியில் திணிக்காதீர்கள்.

கச்சத்தீவு

1974, 1976 ஒப்பந்தங்கள், உச்ச நீதிமன்றத்தில் வழக்கு: பழைய சொற்களில் கேட்டால் பழைய பதில்தான் வரும். இந்தியாவும் இலங்கையும் 2016இல் அமைத்த மீன்வளக் கூட்டுப் பணிக்குழு கடைசியாக எப்போது கூடியது, அதில் இந்தியா எதை வலியுறுத்தியது என்று கேளுங்கள்.

‘தகவல் திரட்டப்படுகிறது’ என்றதும் கோப்பை மூடுவது

தகவல் திரட்டி அவையில் வைக்கப்படும் என்று அமைச்சர் சொன்னால் அது உறுதிமொழிக் கணக்கில் சேரும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்க இரு அவைகளிலும் அரசு உறுதிமொழிக் குழு இருக்கிறது. கேள்வி எண், தேதி, அமைச்சகம் மூன்றையும் ஒரு பதிவேட்டில் குறித்து வையுங்கள். கெடு தாண்டினால் உறுப்பினர் கையெழுத்தோடு குழுவுக்குக் கடிதம் போகட்டும். உறுதிமொழியைக் கைவிட அனுமதி கேட்டு அமைச்சகமே குழுவுக்கு எழுதுவதும் உண்டு. குழுவின் அறிக்கைகளில் உங்கள் கேள்வி எண் வருகிறதா என்று பாருங்கள்.