மெட்ரிக் புவியியல்: மேப் கேள்வியும் ஆற்றங்கரை அளவெடுப்பும்

தென்னாப்பிரிக்காவின் மெட்ரிக், அதாவது கிரேடு 12 புவியியலில் இரண்டு தாள்கள். ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 150 மார்க். இரண்டிலும் கடைசிக் கேள்வி மேப்வொர்க், தலா 30 மார்க். மனப்பாடம் இல்லாமலே வாங்கக்கூடிய மார்க் இதுதான். அதை இழப்பது பெரும்பாலும் யூனிட்டில், இல்லையென்றால் ஒரு சைபரில்.

ஷீட் எண்

டோப்போ மேப்பின் (சம உயரக் கோடுகள் கொண்ட 1:50 000 நிலவரைபடம்) தலையில் 2930டிடி என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 29 தெற்கு அட்சரேகை, 30 கிழக்குத் தீர்க்கரேகை. இரண்டும் சந்திக்கும் இடம் ஒரு பாகைச் சதுரத்தின் வடமேற்கு மூலை. அந்தச் சதுரத்தை நான்காக்குங்கள்: மேலே ஏ, பி, கீழே சி, டி. கிடைத்த கால் சதுரத்தை அதே வரிசையில் மறுபடி நான்காக்கினால் உங்கள் ஷீட், பக்கத்துக்கு 15 நிமிடம். டர்பனின் சாட்ஸ்வர்த் 2930டிடி-யில் விழுகிறது. அதற்குக் கிழக்கே எந்த ஷீட் என்று கேட்டால் 2930டிஇ என்று எழுதிவிடுவார்கள். அப்படி ஒரு ஷீட்டே கிடையாது. 31° கோட்டைத் தாண்டியதும் எண்ணே மாறிவிடும்: 2931சிசி, டர்பன் கடற்கரை.

தமிழ் யூடியூப் பாடங்கள் பார்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவை இந்தியாவுக்கானவை. அங்கே அட்சரேகை மேலே போகப் போகக் கூடும். இங்கே கீழே இறங்க இறங்கக் கூடும். டர்பனில் நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கே நிற்பதால் வெயில் வாங்குவது வடக்குப் பார்த்த சரிவு. இடம் குறிக்கும்போது தெற்கு முதலில், கிழக்கு அடுத்து.

கிரேடியண்ட்

கிரேடியண்ட் என்பது சரிவு விகிதம்: உயர வித்தியாசத்தைக் கிடைத் தூரத்தால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான், ஆனால் இரண்டும் மீட்டரில் இருக்க வேண்டும். ஒரு குன்றின் உச்சி 340 மீ, அடிவாரம் 180 மீ, மேப்பில் இடைவெளி 6.4 செ.மீ. என்போம். 1:50 000 மேப்பில் 1 செ.மீ. என்பது 500 மீ, அதாவது 0.5 கி.மீ.

உயர வித்தியாசம்: 340 − 180 = 160 மீ
கிடைத் தூரம்: 6.4 × 500 = 3200 மீ
கிரேடியண்ட்: 160/3200 = 1:20

0.5-ஆல் பெருக்கி 3.2 கி.மீ. எடுத்து, அப்படியே போட்டால் 1:0.02 வரும். சுவரைவிடச் செங்குத்தான குன்று! விடை அப்படி வந்தால் யூனிட்டைப் பாருங்கள். ஆர்த்தோஃபோட்டோவில் (அளவுத்திட்டத்துக்குச் சரிசெய்த வான்படம்) அளந்தால் 500 அல்ல, 100. அதன் அளவுத்திட்டம் 1:10 000. சம உயரக் கோடுகளும் டோப்போவில் 20 மீட்டருக்கு ஒன்று, ஆர்த்தோஃபோட்டோவில் 5 மீட்டருக்கு ஒன்று. கணக்கின் படிகளுக்கும் மார்க் உண்டு என்பதால் ஃபார்முலா, எண் பொருத்தல், விடை என மூன்று வரியாக எழுதுங்கள்.

பேரிங்

பேரிங் என்பது வடக்கிலிருந்து அளக்கும் திசைக் கோணம். ‘பள்ளியிலிருந்து கோயிலின் பேரிங்’ என்றால் ‘இருந்து’ ஒட்டியிருக்கும் இடத்தில்தான் புரொட்ராக்டரின் மையம். வடக்கிலிருந்து கடிகாரச் சுற்றில் அளவிடுங்கள். 112° வந்தது என்போம். காந்தப் பேரிங் (திசைகாட்டி காட்டும் வடக்கிலிருந்து அளப்பது) வேண்டுமானால், உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள விலகலை மேப்பின் ஓரக் குறிப்பில் பாருங்கள். உதாரணமாக 2011-இல் விலகல் 24°15′ மேற்கு, ஆண்டுக்கு 9′ மேற்காக நகர்கிறது, வேண்டியது 2024.

13 × 9′ = 117′ = 1°57′
24°15′ + 1°57′ = 26°12′
112° + 26°12′ = 138°12′

117′-ஐ 1°17′ என்று எழுதுவதுதான் இங்கே வழக்கமான சறுக்கல். நிமிடம் அறுபதுக்கு ஒரு பாகை, நூறுக்கு அல்ல. நகர்வு கிழக்காக இருந்தால் அதைக் கழிக்க வேண்டும்.

ஆற்றில் இறங்கி அளப்பது

உம்ஹ்லடுசானா போன்ற ஆற்றின் சிறிய, நேரான, ஆழமில்லாத ஒரு துண்டு போதும். தேவை: டேப், மீட்டர் குச்சி, ஸ்டாப்வாட்ச், ரப்பர் பூட்ஸ், கையுறை, தோலுரிக்காத ஆரஞ்சு. நார்ச்சியும் (இங்கே மாண்டரின் ஆரஞ்சுக்குப் பெயர்) ஆகும் (அந்தப் பெயரே நம் நாரத்தையிலிருந்து வந்ததுதான்). பிங்பாங் பந்து வேண்டாம், காற்று தள்ளிக்கொண்டு போய்விடும்.

டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் ஆறுகளில் பில்ஹார்சியா (தோல் வழியே உடலுக்குள் புகும் ஒட்டுண்ணிப் புழு நோய்) உண்டு. தோல் நீரில் படக்கூடாது. பெரியவர் ஒருவர் கரையில் இருக்க வேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருந்தாலோ, மேற்புறத்தில் மழை பெய்திருந்தாலோ அன்று திரும்பிவிடுங்கள்.

கரையோடு 10 மீ அளந்து இரு முனையிலும் கொடி நடுங்கள். ஆரஞ்சை முதல் கொடிக்குச் சற்று மேலேயே விடுங்கள்; கொடியைத் தொடும்போது அது ஆற்றின் வேகத்துக்கு வந்திருக்க வேண்டும். ஐந்து முறை நேரம் எடுங்கள். புல்லில் சிக்கியதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சராசரி 25 வினாடி என்றால் வேகம் 0.4 மீ/வி. இது மேல்மட்ட வேகம். அடியில் உராய்வு இருப்பதால் 0.85-ஆல் பெருக்கினால் 0.34.

அடுத்து குறுக்குவெட்டு. அகலம் 4 மீ. கரையிலிருந்து 1, 2, 3 மீட்டரில் ஆழம் 0.20, 0.36, 0.24 என்போம். கூட்டினால் 0.80. இதை 3-ஆல் அல்ல, 4-ஆல் வகுக்க வேண்டும், ஏனென்றால் கரையோரத்தில் ஆழம் பூஜ்யம். சராசரி 0.20 மீ, பரப்பு 0.8 ச.மீ., நீரோட்டம் 0.8 × 0.34 = 0.272 கன மீ/வி.

இது வறண்ட நாளின் எண். ஏப்ரல் 2022 வெள்ளத்தில் இந்த மாகாணத்தில் 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வெள்ளம் குறித்த எட்டு வரிப் பத்தியில் அந்தச் செய்தியை மட்டும் எழுதினால் மார்க் வராது. நான்கு கருத்து, தலா 2 மார்க். ‘கட்டடங்கள் கூடின’ என்பதோடு நிறுத்தாமல், ‘தாரும் கான்கிரீட்டும் நீரை உள்ளே விடாததால் மழை ஆற்றுக்கு வந்துசேரும் நேரம் குறைகிறது, உச்ச நீரோட்டம் கூடுகிறது’ என்று எழுதுங்கள்.